ஓனரைக் கூட்டிட்டு வாங்க

காலை ஐந்தே முக்காலுக்கு மாவு பாக்கெட்டுகளை டிரேயில் அடுக்கி வாசலுக்குத் தூக்கி வந்தபோது வண்டி இல்லை. அது நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. திருடன் யார் என்பதில் எனக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வரவில்லை. பூட்டை உடைக்காமல், சாவி போட்டுத் திறந்து, சத்தம் கேட்காமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் பண்ணுகிற திருடன் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். எனக்குத் தாலி கட்டியவர்.

அவர் என்று எழுதுகிறேன், பாருங்கள். பழக்க தோஷம். என்னை விட்டுவிட்டுக் கனகசெட்டிக்குளத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் பண்ணப் போய் ஆறு வருஷம் ஆகிறது. வாயில் ‘அவன்’ தாராளமாக வரும். எழுத உட்கார்ந்தால் மட்டும் கை ‘அவர்’ என்றுதான் போடுகிறது.

நான் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். முத்தியால்பேட்டையிலும் சுற்றுப்பட்ட தெருக்களிலும் உள்ள மளிகைக் கடைகளுக்குக் காலை ஏழு மணிக்குள் பாக்கெட் போய்ச் சேர வேண்டும். ஏழரைக்குப் போனால் கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், எட்டுக்குப் போனால் வேறு ஆளிடம் வாங்கியிருப்பார். கியர் வண்டிதான். பின்னால் இரண்டு நீல டிரே, முன்னால் டேங்க் மேல் ஒரு பை. ‘பொம்பளை ஓட்டுற வண்டியா இது’ என்று கேட்டவர்கள் எல்லாம் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

போன் போட்டேன். எடுத்தார்.

"வண்டி எங்க?"

"நாந்தான் எடுத்துட்டு வந்தேன். திருநா வேலை கீது. சீரியல் செட்டு எல்லாம் ஏத்தணும்ல? நாலு நாள்ல கொண்டாந்து வுட்டுடறேன்."

"என்னைக் கேட்டியா?"

"என் வண்டிய எடுக்க உன்னை இன்னாத்துக்குக் கேக்கணும்?"

கோயில் திருவிழாக்களுக்கு சீரியல் விளக்கு கட்டுவது அவர் தொழில். மாதா சொரூபத்துக்கு மேல் நட்சத்திரம் ஓடுகிற மாதிரி விளக்குப் போட அவரை விட்டால் ஆள் இல்லை என்பார்கள். இருக்கட்டும். அதற்கு என் வண்டியா கிடைத்தது? அன்றைக்கு ஆட்டோ பிடித்துப் பாதிக் கடைக்குப் போட்டேன். மீதி மாவு பொங்கி வழிந்து, வீடு முழுக்கப் புளிப்பு வாடை. நாலு நாளும் இதே கூத்து. ஐந்தாம் நாள் வண்டி வந்தது. மூன்று கடைகள் அதற்குள் கைவிட்டுப் போயிருந்தன.

இரண்டாம் நாளே ஸ்டேஷனுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த ஏட்டு பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஆர்.சி. புக்கு யார் பேர்லம்மா கீது?"

"அவர் பேர்லதான் சார். ஆனா வாங்கினது நான். என் பி.எஃப். பணத்துல வாங்கினது."

"பணம் யாருதுன்னு நான் கேக்கல. பேர் யாருது?"

"அவருது."

"அப்ப அவர் வண்டிய அவர் எடுத்துட்டுப் போயிருக்கார். இதுல நான் யாரைப் போய்ப் புடிக்கறது? கேஸ் போடணும்னா உன் மேலதான் போடணும். இத்தினி வருஷமா அடுத்தவர் வண்டிய ஓட்டிக்கினு கீற."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த இன்னொருவரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் வண்டியாம்! தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் பினாயில் பாட்டில் நிரப்பி, விரல் எல்லாம் தோல் உரிந்து, அந்தக் காசில் வாங்கியது. அவர் வீட்டை விட்டுப் போனபோது வண்டியை வைத்துவிட்டுப் போனதும் பெருந்தன்மையால் இல்லை. அன்றைக்கு அது மெக்கானிக் கடையில் இன்ஜின் பிரித்துக் கிடந்தது. காசு கொடுத்து மீட்டு வந்தவள் நான். ஓட்டக் கற்றுக்கொண்டு முழங்காலில் தையல் போட்டுக்கொண்டவளும் நான்.

ஸ்டேஷன் வாசலில் நின்றே முடிவு பண்ணிவிட்டேன். இந்த வண்டி என் பேருக்கு மாற வேண்டும். மாறாவிட்டால் அடுத்த திருவிழாவுக்கு மறுபடி தள்ளிக்கொண்டு போவார், இன்னும் நாலு கடை கழன்று போகும், நான் பழையபடி பாட்டில் நிரப்பப் போக வேண்டியதுதான். ஒசூரில் வேலை பார்க்கிற மகளிடம் சொன்னேன். "அந்த ஓட்டை வண்டிய வுட்டுத் தொலைம்மா, நான் லோன் போட்டு ஸ்கூட்டி வாங்கித் தரேன்" என்றாள். நல்ல மனசில்தான் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன். என் வண்டியை நான் எதற்கு விட வேண்டும்?

ஆர்.டி.ஓ. ஆபீசில் முதல் நாள் என் கையில் இருந்தது ஆர்.சி. புக்கின் ஒரு ஜெராக்ஸ், அதுவும் எழுத்து வெளுத்துப் போனது. இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு வருஷம். புகைச் சான்றிதழ் எப்போது எடுத்தது என்று எனக்கே ஞாபகம் இல்லை. கவுன்ட்டரில் இருந்தது ஒரு பெண். என் வயதுதான் இருக்கும், கழுத்தில் கண்ணாடியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். பெண்ணாயிற்றே, புரிந்துகொள்வார் என்று ஒரு நப்பாசை.

"ஒரிஜினல் எங்க?"

"அவர்கிட்ட இருக்கும் மேடம்."

"ஓனரைக் கூட்டிட்டு வாங்க."

"அவர் எங்களோட இல்ல."

"இறந்துட்டாரா?"

"இல்ல மேடம். நல்லாத்தான் இருக்கார்."

"டைவர்ஸா? கோர்ட் ஆர்டர் இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. கோயில்ல கட்டினது. சும்மா போய்ட்டார்."

மேடம் ஜெராக்ஸைத் தள்ளி வைத்தார். "பாருங்கம்மா, இறந்திருந்தா ஈசி. டெத் சர்டிபிகேட், வாரிசு சர்டிபிகேட் வெச்சா மாத்திக் குடுத்துடுவோம். உயிரோட இருக்கறவர் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் மாத்த முடியும்."

கேட்டீர்களா கதையை! செத்தவனிடமிருந்து வண்டி வாங்குவது சுலபம், உயிரோடு இருக்கிறவனிடமிருந்துதான் கஷ்டம். வாசலுக்கு வந்து ஒரு சோடா குடித்தேன். ஆபீசுக்கு எதிரில் ஸ்கூட்டர் சீட்டையே மேசையாக்கி ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்த புரோக்கர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பேர் மாத்தவா?" என்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "ஒரிஜினல் ஆர்.சி.யும் ஆளையும் கொண்டாங்க. மீதி எல்லாம் நான் பாத்துக்கறேன். ஆனா சீக்கிரம். இந்த வண்டிக்குப் பதினஞ்சு வருஷம் முடிய ரெண்டரை மாசம்தான் கீது. முடிஞ்சிட்டா ரினிவல் பண்ணணும், வண்டிய இன்ஸ்பெக்ஷன் காட்டணும், அதுக்கும் ஓனர்தான் வரணும். அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் அவர் பின்னாடியே சுத்தினு கிடப்பீங்க."

கனகசெட்டிக்குளத்துக்கு பஸ்ஸில்தான் போனேன். ஊருக்குள் ‘மாவுக்காரம்மா’ என்று போலீஸ்காரர்கள் விட்டுவிடுவார்கள். ஆனால் முத்தியால்பேட்டை தாண்டினால் தமிழ்நாடு, பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி. நடுவில் நிற்கிற தமிழ்நாட்டுப் போலீசுக்கு நான் யாரோ. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் அங்கே மாட்டினால் அவ்வளவுதான். என் வண்டிக்காக நான் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற நிலைமை! போகிற வழி எல்லாம் அவரோடு குடித்தனம் பண்ணுகிற அந்தப் பெண்ணைத் திட்டுவதற்கு வார்த்தை கோர்த்துக்கொண்டே போனேன். அவளை அதுவரை நேரில் பார்த்ததில்லை.

மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்து அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது சிறியவள். யார் என்று நான் சொல்லவே இல்லை. எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சங்கல்பம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. குடித்துவிட்டேன்.

அவர் உள்ளே கட்டிலில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா, இவ்ளோ தூரம்?"

"வண்டிய என் பேருக்கு மாத்தணும். ஆர்.சி. புக்க எடு. ஒரு நா ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடு."

"அதுக்கு இன்னா இப்ப அவசரம்? வண்டி உன்கிட்டதானே கீது."

"என்கிட்ட இருந்த வண்டி நாலு நாள் எங்கய்யா இருந்துச்சு? என் பொழப்பு நாறிப்போச்சு. மூணு கடை போச்சு. நீயா வந்து மாவு விப்ப?"

"கத்தாத. அக்கம் பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும்!"

நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்தில் அந்தப் பெண் என்னோடு சண்டைக்கு வந்திருக்க வேண்டும். நானும் தயாராகத்தான் இருந்தேன். அவளோ ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, அதற்கு அடியிலிருந்து ஆர்.சி. புக்கை எடுத்து வந்தாள். மழையில் நனைந்து காய்ந்து, ஒரு ஓரம் கிழிந்து, அட்டை தனியாக வந்திருந்தது. அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னாத்துக்கு இழுத்தடிக்கற? அவங்க வண்டிய அவங்களுக்கே எழுதிக் குடுத்துடு. நீ அதை எடுத்துக்கினு வர ஒவ்வொரு தபாவும் பெட்ரோல் நாந்தான் போடறேன். எனக்கும் நிம்மதியாப் போவும்."

நல்லவளாக இருந்து தொலைத்தாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கோர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றைக்கூடச் செலவு பண்ண முடியாமல் அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கையில் ஆர்.சி. இருந்தது. கோபப்படவும் ஆள் இல்லை, சந்தோஷப்படவும் தெரியவில்லை.

அடுத்த வாரம் இன்சூரன்ஸ் போட்டேன், புகை பார்த்தேன். புரோக்கர் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றினார். ஏற்றிவிட்டு, "அக்கா, ஓ.டி.பி. போயிருக்கு, சொல்லுங்க" என்றார். என் போனுக்கு வரவில்லை. அவருக்குப் போன் போட்டுக் கேட்டால் அவருக்கும் வரவில்லை. எந்த நம்பருக்குப் போகிறது என்று பார்த்தால், கடைசி நாலு எண் எங்கள் குடும்பத்தில் யாருடையதும் இல்லை. வண்டி வாங்கிய காலத்தில் ஷோரூம்காரர்கள் தங்கள் நம்பரையே போட்டு விட்டிருக்கிறார்கள். அந்த ஷோரூம் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. நம்பரை மாற்ற வேண்டும் என்றால்? வேறு என்ன, ஓனரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

ஓனர் செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றார். பதினொரு மணி வரை ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்றேன். காய்ச்சலாம். அடுத்த வெள்ளிக்கிழமை என்றார். செட்டு எரிந்து போய்விட்டதாம், வேலை கொடுத்த கோயில்காரர்கள் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். அதற்கடுத்த புதன்கிழமை போனே ஸ்விட்ச் ஆஃப். ஒவ்வொரு தடவையும் அரிசி ஊறப் போட்டுவிட்டு வந்து நிற்பேன், திரும்பிப் போய் அரைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும், மறுநாள் மாவு சரியாகப் பொங்காது, கடைக்காரர்கள் வாயில் விழ வேண்டும். ஒரு கையெழுத்து. பேனாவை எடுத்து ஒரு இழுப்பு. அதற்கு இரண்டு மாசம் நாய் படாத பாடு. மரத்தடியில் நின்று தனியாகத் திட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து லைசென்சுக்கு வந்த பெண்கள் தள்ளிப் போய் நின்றார்கள்.

பதினைந்து வருஷம் முடிய எட்டே நாள் இருக்கும்போது கனகசெட்டிக்குளத்திலிருந்து அவள்தான் போன் பண்ணினாள்.

"நாளைக்கு அனுப்பறேன். மறுநா காரைக்கால் போறாரு, மூணு ஊரு திருநா, ரெண்டு மாசம் ஆவும் வர. நாளைக்கே எப்படியாவது முடிச்சிக்குங்க."

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய். "அண்ணன் வந்துட்டாரா? அப்ப முடிஞ்சுதுக்கா" என்றார் புரோக்கர். ஆதார் காட்டி போன் நம்பர் மாற்றினோம், அது ஒன்றரை மணி நேரம். பிறகு பெயர் மாற்றுகிற ஃபாரம் இரண்டிலும் கையெழுத்து. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபாரத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு, நாக்கை ஓரமாகக் கடித்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் போட்டார். முடிய எவ்வளவு நேரம்! கவுன்ட்டரில் நீட்டினோம். அந்த மேடம் பழைய ஃபைலைக் கொண்டு வரச் சொன்னார். தூசி தட்டித் திறந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஃபாரத்தைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், மறுபடி ஃபாரத்தைப் பார்த்தார்.

"கையெழுத்து ஒத்துப்போகலையே."

"மேடம், ஆளே நிக்கறார்" என்றேன்.

"ஆள் சரிதாம்மா. ஆதார் சரி, போட்டோ சரி. கையெழுத்து சரியில்ல. இங்க பாருங்க, ரெண்டும் ஒரே ஆளு போட்டதா?" என்று ஃபைலை எங்கள் பக்கம் திருப்பினார். "சார், இது உங்க கையெழுத்தா?"

அவர் குனிந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பேருக்கு அடியில் இடமிருந்து வலமாக ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அந்தக் கோடு என்னுடையது. அந்தப் புள்ளியும் என்னுடையது.

வண்டி எடுத்த அன்றைக்கு அவர் ஷோரூம் வாசலில் டீ குடிக்கப் போயிருந்தார். "சார் எங்கம்மா? நேரமாவுது, நீங்களே போட்டுடுங்க" என்றார் அங்கிருந்தவர். போட்டேன். அதில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. கேஸ் சிலிண்டர் புக்கில் அவர் கையெழுத்தை நான்தான் போடுவேன். மகளின் ரேங்க் கார்டு, கோயில் சந்தாப் புத்தகம், வாடகை அக்ரிமென்ட் எல்லாம் நான்தான். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இப்படித்தான். புருஷன் வேலைக்குப் போயிருப்பான், காகிதத்தோடு வந்தவன் வாசலில் நிற்பான், பொண்டாட்டி போட்டு அனுப்பிவிடுவாள். நான் கொஞ்சம் அழகாகவே போடுவேன். அவர் எழுத்து கோணல் மாணலாக இருக்கும் என்று, மரியாதையாக இருக்கட்டுமே என்று, கோடும் புள்ளியும் நானாகச் சேர்த்தது.

"நோட்டரிகிட்ட அஃபிடவிட் வாங்குங்க. பேங்க்ல கையெழுத்து சான்று வாங்குங்க. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஓனரைக் கூட்டிட்டு வாங்க" என்றார் மேடம். எரிந்துகூட விழவில்லை. அந்த மேடம் மேல் தப்பு ஒன்றுமில்லை, அதுதான் இன்னும் ஆத்திரம்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நான்தான் மேடம் போட்டேன், என்னைத்தான் நீங்கள் இத்தனை வருஷமாக ஓனர் என்று ஃபைலில் வைத்திருக்கிறீர்கள் என்று. சொன்னால் என்ன ஆகும்? முதல் நாள் போட்ட ரிஜிஸ்ட்ரேஷனே பொய் என்று ஆகும். வண்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் நின்றோம். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல காரைக்கால் பஸ்ஸு" என்றார்.

"தெரியும்யா."

"நோட்டரி இன்னைக்கே குடுப்பாரா?"

"பேங்க்கு குடுக்குமா? உன் பேங்க் புக்குலயும் யார் கையெழுத்துன்னு நினைக்கற?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. எனக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது, அதையும் அந்த ஆள் முன்னால் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். புரோக்கரிடம் போய்ப் புது ஃபாரம் இரண்டு வாங்கி வந்தேன்.

"போடட்டா?" என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று தோன்றியது. இதுவரை கேட்டதே இல்லை.

"நீ போடு" என்றார். "எப்பவும் நீதானே போடற."

தப்புதான், தெரியும். சுவரில் ஃபாரத்தை வைத்து அவர் பேரைப் போட்டேன். அடியில் கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. அவர் எட்டிப் பார்த்து, "என் கையெழுத்து இவ்ளோ நல்லாவா கீது!" என்றார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே சொன்னார்.

மேடம் ஃபைலோடு வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். "இதை முதல்லயே ஒழுங்காப் போட்டிருக்கலாம்ல சார்?"

"பதட்டம் மேடம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இனிமே இப்படி அவசரப்படாதீங்க" என்று அவருக்கு அறிவுரை வேறு. நான் பக்கத்தில் குத்துக்கல்லாக நின்றேன். வாங்குகிறவர் என்ற இடத்தைக் காட்டி, "இங்க நீங்க போடுங்கம்மா" என்றார். பேனாவை வாங்கினேன். என் பேரைப் போட்டேன். போட்டதை மேடம் என் லைசென்சோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"என்னம்மா இது, உங்களுதும் ஒத்துப்போகல?"

பார்த்தேன். லைசென்சில் ஒரு மாதிரி இருந்தது, ஃபாரத்தில் வேறு மாதிரி இருந்தது. ஃபாரத்தில் கை தன்னாலே அடியில் கோடு இழுத்து இரண்டு புள்ளி வைத்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன்: அவர் கையெழுத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேன், என் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதை நான் போட்ட இடங்களே கொஞ்சம்தான். வேறொரு ஃபாரம் வாங்கி, லைசென்சைப் பக்கத்தில் வைத்து, என் கையெழுத்தை நானே காப்பி அடித்தேன். முதல் தடவை சரியாக வரவில்லை. பழைய பேப்பரில் நாலைந்து தடவை போட்டுப் பழகி, அப்புறம் போட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவர்களைத் திரும்பிப் பார்த்து முறைத்தேன்.

ஒன்றரை மாசம் கழித்துத் தபாலில் கார்டு வந்தது. என் பேர் போட்டிருந்தது. அதற்குக் கீழேயே, இன்னாருடைய மனைவி என்று அவர் பேரும் போட்டிருந்தது. கிழித்துப் போடலாம் போல வந்தது. என் அப்பா பேரைப் போடுங்கள் என்று சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்றைக்கு முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். மாற்ற வேண்டும் என்றால் மறுபடி அந்த ஆபீஸ், மறுபடி அந்த மரத்தடி. போதும் சாமி என்று விட்டுவிட்டேன். அந்தக் கார்டை ஜெராக்ஸ் எடுத்து ஏட்டிடம் கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று மட்டும் ஆசை இருந்தது. அதற்கும் நேரம் கிடைக்கவில்லை.

கொஞ்ச நாள் போயிருக்கும். கடைசிக் கடையில் டிரே இறக்கிக்கொண்டிருந்தேன். மணி ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும். பின்னால் வந்து நின்றார். காரைக்காலில் வெயிலில் கறுத்துப் போயிருந்தார். வண்டியைத் தொடவில்லை, இரண்டடி தள்ளியே நின்றார்.

"அடுத்த வாரம் ஒரு திருநா வேலை கீது" என்றார். "ரெண்டு நாளைக்கு வண்டி குடுப்பியா?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எடுத்துக்கொள்வார், இல்லாவிட்டால் எடுத்த பிறகு சொல்வார். கேட்பது என்று ஒன்று அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைக்காரர் பாக்கெட்டை எண்ணுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தர மாட்டேன்" என்றேன்.

"சரி" என்றார். அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்து போய்விட்டார்.

நான் காலி டிரேயைக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். எரிச்சல்தான் வந்தது. அவர் மேல் இல்லை. இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், போய்விடுவார் என்று எனக்குத் தெரியவே இல்லை. அதைச் சொல்வதற்கு எனக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் முத்திரை வேண்டியிருந்தது. வண்டி எடுத்த முதல் வருஷமே நான் சொல்லியிருக்கலாம்.